மேல் தாழ்ப்பாள்

அக்டோபர் பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "லிஸ்ட் எங்கேப்பா?" நியூஜெர்சியிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் சிதறிக் கிடக்கிற முப்பது சொச்சம் பேர், வாசிக்கிற பழக்கம் இன்னும் விட்டுப்போகாதவர்கள். ஹாலோவீனை ஒட்டிப் படிக்க நாலைந்து சிறுகதை எடுத்துச் சொல்வது எப்படியோ என் தலையில் விழுந்த வேலை. எதிர்வீட்டு வாசலில் குடைந்து வைத்த பூசணிக்காயைப் பார்த்து "நல்ல காய், வீணாப் போகுதே" என்று அங்கலாய்க்கிற கூட்டம்தான் நாங்கள். ஆனால் பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள். வேஷம் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். டார்ச் லைட்டும் தண்ணீர் பாட்டிலுமாக அவர்கள் பின்னால் நடந்து நடந்து எங்களுக்கும் இந்த மாதம் ஒட்டிக்கொண்டது. இப்போது பிள்ளைகள் காலேஜில். மிட்டாய் போச்சு, கதை மிச்சம்.

பட்டியல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. இன்னாருக்கு இன்ன கதை என்று நாடி பிடித்துச் சொல்கிற வைத்தியன் மாதிரி என்னை நினைத்துக்கொள்வேன். 2024 அக்டோபரில் அது உடைந்தது. உடைந்த விதத்தை எழுதலாமா கூடாதா என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் சம்பந்தப்பட்ட அக்காவிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது. அடையாளம் எதுவும் தெரியாம மாத்திடு" என்றார். மாற்றியிருக்கிறேன்.

பயமா, நெருடலா

என் பட்டியலில் பேய் வரலாம், வராமலும் போகலாம். ரத்தம் வழிகிற கதைகளைச் சேர்ப்பதே இல்லை. படிக்கும்போது தூக்கிவாரிப் போட்டு, முடித்த கையோடு எழுந்து காப்பி போடப் போய்விடலாம் என்றால் அந்தக் கதை எனக்கு எதற்கு? ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். முடித்தபோது "இவ்வளவுதானா" என்றுகூடத் தோன்றட்டும். மூன்றாம் நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கையில் அதிலிருந்து ஏதோ ஒரு வரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். செருப்புக்குள் போன மணல் மாதிரி. நெருடல் என்று சொல்லிக்கொள்கிறேன். தமிழில் யாரைக் கேட்டாலும் ‘காஞ்சனை’ என்பார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். பேய் பிசாசெல்லாம் இல்லை என்றுதான் நம்புகிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறதே என்கிற தொனியில் புதுமைப்பித்தன் அந்தத் தொகுப்பின் முன்னுரையில் பேசுவார். அந்த ‘ஆனாலும்’ இருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு கதையையும் தட்டிப் பார்ப்பேன்.

ஹாலோவீன் கதை என்றதும் இங்கே எல்லோருக்கும் முதலில் வருவது வாஷிங்டன் இர்விங்கின் தலையில்லாக் குதிரைக்காரன். 1820இல் வந்தது. ஹட்சன் நதிக்கரையில் நார்த் டாரிடவுன் என்று இருந்த ஊர், 1996இல் கதையின் பெயரையே எடுத்து ஸ்லீப்பி ஹாலோ ஆகிவிட்டது. அக்டோபர் சனிக்கிழமைகளில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, நான் அரைமணி நேரம் சுற்றியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் கதையில் ஹாலோவீன் என்கிற பேச்சே கிடையாது. இலையுதிர்காலத்தில் பணக்காரக் குடியானவர் ஒருவர் வீட்டில் விருந்து, திரும்பும் வழியில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைத் துரத்தல், மறுநாள் காலையில் வாத்தியாரின் தொப்பிக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கிற ஒரு பூசணிக்காய். அந்த ஒரு காயைப் பிடித்துக்கொண்டு இத்தனை பெரிய திருவிழா. படிக்க சுகமான கதை, ஆனால் நெருடாது. இங்கிலாந்துக்காரர்கள் பேய்க்கதைக்கு வைத்துக்கொண்ட காலமே வேறு. எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை உட்காரவைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக் காட்டுவாராம். அவருடைய விசில் கதையில் பேராசிரியர் தங்கும் விடுதி அறையில் இரண்டு கட்டில். ஒன்று காலி. அதற்குமேல் சொன்னால் பாவம். ஓட்டலில் இரட்டைக் கட்டில் அறை கிடைத்தால் இன்றைக்கும் பெட்டியை அந்தக் காலிக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஊர் கூடி

வருஷா வருஷம் என் முதல் கதை ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’. ஜூன் 27, நல்ல வெயில், முந்நூறு பேர் இருக்கிற கிராமம். சதுக்கத்தில் ஆண்கள் விதைப்பு, மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்ட பையன்கள் உருண்டையாக, வழவழப்பாகப் பார்த்துக் கல் பொறுக்குகிறார்கள். டெஸ்ஸி என்கிற அம்மாள் கடைசியாக ஓடிவருகிறாள். இன்றைக்கு என்ன நாள் என்பதே மறந்துபோச்சு என்று ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கிற டெலக்ராய் அம்மாளும் சேர்ந்து சிரிக்கிறாள். கதை முடிவதற்குள் அதே டெலக்ராய் அம்மாள், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லாகப் பார்த்து எடுப்பாள். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். முடிவு தெரிந்து படித்தால் இன்னும் மோசமாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் அந்தச் சிரிப்பு காதில் விழும். அப்புறம் ஒரு வரி, டெஸ்ஸியின் கடைக்குட்டி டேவியைப் பற்றி. அவன் கையில் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் வரி. யார் கொடுத்தது என்றுகூட ஜாக்சன் சொல்ல மாட்டார்.

1948 ஜூன் 26 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் வந்தது. அந்தக் கோடையில் தனக்கு வந்த முந்நூறு சொச்சம் கடிதத்தில் பரிவாக எழுதியவை பதின்மூன்றுதான், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை, பெற்ற தாயே கடிந்துகொண்டாள் என்று ஜாக்சன் பிற்பாடு ஓர் உரையில் சொன்னார். திட்டியவர்களைக்கூட விட்டுவிடலாம். இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் வந்து பார்க்கலாமா என்று சிலர் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். கதையைவிட அந்தக் கடிதங்கள்தான் என்னை ராத்திரி எழுப்பியவை.

எங்கள் குழுவில் ஒருவர், கணக்கில் புலி, படித்துவிட்டு "இதுல பேய் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு அவரிடமிருந்து செய்தி. அவர்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், புல் வெட்டாத ஒரு வீட்டுக்காரருக்கு அபராதம் போடலாமா என்று கை தூக்கச் சொன்னார்களாம். அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பிஸ்கட்டும் எலுமிச்சை ஜூஸும் சுற்றி வந்துகொண்டிருந்தன. "கையைத் தூக்கிட்டேன்யா. தூக்கின அப்புறம்தான் பாத்தேன், கையில கல்லு" என்று எழுதியிருந்தார். என் கர்வம் அன்றைக்கு ஒரு முழம் ஏறியது.

இரண்டாவது, அர்ஜென்டினாவின் ஹூலியோ கொர்த்தாஸார் எழுதிய ‘காசா தோமாதா’, ஆக்கிரமிக்கப்பட்ட வீடு. 1946இல் எழுத்தாளர் போர்ஹெஸ், தான் ஆசிரியராக இருந்த பத்திரிகையில் இதை வெளியிட்டார். கல்யாணம் ஆகாத அண்ணனும் தங்கையும், பூர்வீகப் பெரிய வீடு. ஒரு ராத்திரி பின்கட்டில் ஏதோ சத்தம். அண்ணன் நடுக்கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து, பின்பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்கிறான். யார் என்று தங்கை கேட்பதில்லை. அப்படியானால் இனி நாம் இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியதுதான் என்கிறாள். எனக்கு உயிரான இடம் கடைசியில் வருவது. வீட்டின் மிச்சமும் போய், இரண்டு பேரும் வாசல்பக்கம் ஓடிவந்து நிற்கிறார்கள். அவள் கையில் பின்னல் இருக்கிறது, நூல் கதவுக்கு அடியில் போய் மறைகிறது. நூல்கண்டு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதைப் பார்த்ததும், பின்னலைக் குனிந்துகூடப் பார்க்காமல் கீழே விட்டுவிடுகிறாள். மிச்சக் கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோல்ட் டாலின் ‘தி லேண்ட்லேடி’யில் பதினேழு வயதுப் பையனுக்கு மலிவான அறை, அன்பான வீட்டுக்காரம்மா, லேசாகக் கசக்கிற தேநீர். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ 1892இல் வந்தது. உடம்பு தேற வேண்டும், எதையும் எழுதாதே, ஓய்வெடு என்று ஒரு பெண்ணை அன்பாலேயே அடைத்து வைப்பது. கில்மனுக்கே ஒரு பெரிய டாக்டர், உயிருள்ளவரை பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். உருகுவேயின் ஒராசியோ கிரோகா எழுதிய தலையணைக் கதையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். நாலு பக்கம். படித்துவிட்டு, தலையணையைத் தூக்கிக் கனம் பார்க்காமல் படுக்கிறீர்களா என்று சொல்லுங்கள்.

இருநூறு பவுண்டு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘தி மங்கீஸ் பா’, 1902. லண்டன் படகுத்துறை ஆட்களை வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதிப் பிழைத்த மனிதர், இந்த ஒன்றால் நிற்கிறார். எனக்கு இது பத்தாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் சொல்லிக் கேட்ட கதை. இந்தியாவில் ராணுவத்தில் இருந்து திரும்பிய ஒருவர், பக்கிரி ஒருவர் மந்திரித்த காய்ந்த குரங்குக் கையை ஒரு வீட்டுக்குக் கொண்டுவருகிறார். மூன்று வரம் தரும். வேண்டாம் என்று அவரே நெருப்பில் போட, வீட்டுக்காரக் கிழவர் குனிந்து எடுத்துவிடுகிறார். முதல் வரம், வீட்டுக்கடனில் பாக்கி நிற்கிற இருநூறு பவுண்டு. மறுநாள் தொழிற்சாலையிலிருந்து ஆள் வருகிறான். மகன் எந்திரத்தில் சிக்கிக்கொண்டான், கம்பெனி பொறுப்பேற்காது, ஆனாலும் அவனுடைய உழைப்பை நினைத்து ஒரு தொகை தருகிறோம் என்கிறான். எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி அம்மாவுக்கு ஞாபகம் வருகிறது, இன்னும் இரண்டு வரம் இருக்கிறதே. மகன் உயிரோடு வர வேண்டும் என்று கேட்கச் சொல்கிறாள். அப்பாவுக்கு உதறல். மகனின் உடம்பைத் துணியை வைத்துத்தான் அடையாளம் கண்டவர் அவர். ஆனாலும் கேட்கிறார். மெழுகுவத்தி அணைகிறது. இரண்டு மைல் தள்ளி இருக்கிறது இடுகாடு. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு தட்டப்படுகிறது, முதலில் மெதுவாக. அம்மா கீழே ஓடுகிறாள். சங்கிலியை எடுத்துவிட்டாள், கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள், மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. வாங்களேன், எட்டவில்லை என்று கத்துகிறாள். அவர் இருட்டில் தரையைத் தடவிக் குரங்குக் கையைத் தேடிக்கொண்டிருக்கிறார். கீழே நாற்காலியை இழுத்துக் கதவில் சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்கிற நேரத்தில் கை அகப்படுகிறது, மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார்.

வாத்தியார் கதையை முடித்துவிட்டுக் கேள்வி கேட்டார், மூன்றாவது வரம் என்ன என்று. இரண்டு மார்க். மகன் திரும்பவும் கல்லறைக்கே போய்விட வேண்டும் என்பது, என்று எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கினேன். கதையில் அப்படி எங்கேயும் எழுதியிருக்காது. ஜேக்கப்ஸ் அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்.

2024 அக்டோபரில் ஒரு அக்கா தனியாகச் செய்தி அனுப்பினார். "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. சின்னதா இருக்கட்டும், கண்ணு வலிக்குது." நான் அந்தச் சமயம் ஜேக்கப்ஸைத் திரும்பப் படித்து, அந்த நாற்காலிச் சத்தத்தை எப்படிச் செய்திருக்கிறான் மனுஷன் என்று லயித்துக் கிடந்தேன். காப்புரிமை முடிந்த கதை, இணையத்தில் இலவசம். சுட்டியை அனுப்பி, "நம்ம ஊர்ச் சரக்கு, படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வீடு திரும்புகையில், நெரிசலில் முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. 2018இல் அந்த அக்காவின் மகன் சாலை விபத்தில் போனான். இருபத்துநாலு வயது. நான் அந்தச் சடங்குக்குப் போயிருந்தேன். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை ஓரமாக அடுக்கி வழிவிட்டது என் கைதான். கதையின் பல்சக்கரங்களைக் கழற்றிக் கழற்றி ரசிப்பவனுக்கு, அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பது தோன்றவே இல்லை. வண்டியை ஓரம்கட்டி, அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். இரண்டு நீல டிக்.

அதன்பின் அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். கேட்டால், மறந்திருக்கலாம் என்கிற ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிடுவேனோ என்று பயம். அவர் மறந்திருக்க முடியும் என்று ஒருவன் நினைத்தான் பாருங்கள்.

வாசல் கதவு

அந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் விழுந்தன, அக்டோபர் 31, வியாழக்கிழமை. மாதம் முழுக்கச் சொட்டு மழை இல்லை. காய்ந்து கிடக்கிறது, தீ மூட்டாதீர்கள் என்று எச்சரிக்கை இருந்ததால் மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. ஆளுக்கு ஒரு அதிரசம், படியில் நாலு பேட்டரி அகல், பக்கத்தில் பூசணி. அக்டோபர் கடைசிக்குச் சம்பந்தமே இல்லாத வெக்கை. எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"தீபாவளி வாழ்த்து தம்பி."

"வாழ்த்துக்கள் அக்கா. அத்தான் எப்படி இருக்கார்?"

"வாசல்ல நின்னு மிட்டாய் குடுத்துட்டிருக்கார்." போனுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுக் கதவு கிறீச்சென்றது. பிள்ளைகள் கத்தல், அத்தான் "ஓ, ஸ்பைடர்மேன்!" என்பது, மறுபடி கிறீச். "நீ அனுப்பிச்ச கதையைப் படிச்சேன்."

"அக்கா, நான் யோசிக்காம..."

"அட, அதை விடு. நான் முழுசாப் படிக்கல. அவ நாற்காலியை இழுக்கறா பாரு, அந்த எடத்துல நிறுத்திட்டேன். மூணு வாரமா அவ நாற்காலி மேலயே நிக்கறா. நீ சொல்லு. திறந்தாளா?"

"திறந்தா அக்கா. வெளியில யாரும் இல்ல. தெருவிளக்கு மட்டும் எரியுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கதவு கிறீச்சிட்டது.

"அந்தாளு ஏதோ கேட்டுட்டான்."

"ஆமாக்கா."

"என்ன கேட்டான்?"

இரண்டு மார்க் பதில் நாக்கு நுனியில் இருந்தது. "கதையில சொல்லல."

"அவகிட்டயாவது சொன்னானா?"

"எதை?"

"என்ன கேட்டேன்னு. பொண்டாட்டிகிட்ட. அப்புறமாவது சொன்னானா?"

முப்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிவருகிறேன். மூன்றாவது வரம் என்ன என்று கேட்டவர்கள் உண்டு, வெளியே நின்றது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. இதை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. கதை தெருவிளக்கோடு முடிகிறது. ஆனால் அவள் போட்ட ஓலத்தைக் கேட்டு ஓடிவந்த கிழவர் அவள் பக்கத்தில் நிற்கிறார். இரண்டு பேரும் உள்ளே வந்து அந்தக் கதவைச் சாத்தியாக வேண்டும். நாற்காலியை யாராவது எடுத்துப் பழைய இடத்தில் போட வேண்டும். விடிந்தால் காலைச் சாப்பாடு, அதே மேசை, மகன் உட்கார்ந்த இடம் காலி. வீட்டுக்கடன் வேறு அடைந்துபோச்சு, இனி அந்த வீட்டை விட்டுப் போக முடியாது. மேலே என்ன பண்ணிக்கொண்டிருந்தாய், ஏன் வந்து தாழ்ப்பாளைத் திறக்கவில்லை என்று அவள் கேட்பாளா? கேட்டால் அவர் என்ன சொல்வார்? வெளியே நின்றது எத்தனை கோரமாக இருந்தாலும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. இது போகாது. ஜேக்கப்ஸ் அங்கே நிறுத்தியது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்துக்கு மேல் போக அவருக்கே தைரியம் இல்லை என்று இப்போது படுகிறது.

"தெரியல அக்கா" என்றேன்.

அக்கா பேச ஆரம்பித்தார். குரலில் அழுகை எதுவும் இல்லை. கரண்ட் பில் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். "நாலாம் நாள் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டாங்க. நான் போகல. நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டேன். அவர் போனார். திரும்பி வந்தப்ப கையில ஒரு பேனா இருந்துது. அவங்க பேனா, குடுக்க மறந்து கொண்டுவந்துட்டார். என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேக்கல தம்பி. அவரும் சொல்லல. அந்தப் பேனா இங்கதான் டிராயர்ல கெடக்கு."

பின்னால் யாரோ ஒரு குழந்தை நன்றி சொன்னது. அத்தான் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். சற்றுப் பொறுத்து அக்காவே, "சரி, முறுக்கு குடுத்தனுப்பறேன். போன தடவை டப்பா திரும்பி வரல" என்றார்.

அப்புறம்

2025இல் லிஸ்ட் கேட்டார்கள். ‘தி லாட்டரி’ என்று அடித்தேன். டேவியின் கையில் கூழாங்கல். அடுத்தது ‘தி லேண்ட்லேடி’, பதினேழு வயதுப் பையன், அவனுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாள். புதிதாக ஷெர்லி ஜாக்சனின் ‘தி சம்மர் பீப்பிள்’ சேர்க்கலாம் என்றிருந்தேன். கோடை முடிந்தும் ஏரிக்கரை வீட்டைக் காலி பண்ணாத வயதான தம்பதி, யாரும் ஒன்றும் செய்வதில்லை, மண்ணெண்ணெய் மட்டும் வராது, மளிகை வராது, வண்டி கிளம்பாது. அதில் மகனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, கையெழுத்து அவனுடையதுதான், ஆனால் ஏதோ சரியில்லை. அங்கே விரல் நின்றுவிட்டது. நெருடும் கதை எதை எடுத்தாலும் அதில் யாரோ ஒருவரின் பிள்ளையோ வீடோ இருக்கிறது. எதுவும் இல்லாத கதையைத் தேடினால் ஸ்லீப்பி ஹாலோவின் பூசணிக்காய்தான் மிஞ்சும். கடைசியில் குழுவில் பொதுவாக ஒன்றும் போடவில்லை. கேட்டவர்களைத் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, ஆளுக்கு ஒரு கதை சொன்னேன். "என்னய்யா, எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி பேசற" என்றார் நம் கணக்குப் புலி.

அக்காவைக் கூப்பிடத்தான் நாலு நாள் ஆயிற்று. இந்த வருஷம் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லட்டுமா என்று இழுத்தேன்.

"ஏன், நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? நல்லதா ஒண்ணு அனுப்பு. அப்புறம் உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அந்தக் குரங்குக் கதையை பிரிண்ட் எடுத்து டைனிங் டேபிள் மேல வச்சிருந்தேன், போன மாசம்."

"அத்தான் படிச்சாரா?"

"தெரியல. மறுநாள் பாத்தா அவர் கண்ணாடி அது மேல இருந்துது."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல. சாயங்காலம் எண்ணெயை எடுத்துட்டு வந்து வாசல் கதவு கீலுக்கு விட்டுட்டிருந்தார். எத்தனை வருஷமாக் கத்திட்டிருந்த கதவு. மேல் கீல் அவருக்கு எட்டல. நாற்காலி போட்டு ஏறினார், நான் பிடிச்சுக்கிட்டேன்."